பதினொரு கிலோ

பதினொரு கிலோ என்பது மாஸ்டரக்காவுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. நானூறு பேருக்குப் பொங்கிப்போடுகிற தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி அவள். பதினொரு கிலோ அரிசியைக் களைந்து போட்டால் அவளுடைய அண்டாவில் அடிப்பாகம்தான் மறையும். ஆனால் டாக்டர் குறைக்கச் சொன்னது அரிசி மூட்டையிலிருந்து அல்ல, அவள் உடம்பிலிருந்து. அதுதான் வினையாகப் போயிற்று.

"எண்பத்தொன்பது இருக்கீங்கம்மா. எழுபத்தெட்டுக்கு வந்தாகணும். அதுக்கு மேல இருந்தா நான் கத்தியை எடுக்க மாட்டேன். தம்பியைக் காப்பாத்தறேன்னு உங்க உயிருக்கு உலை வைக்க முடியாது பாருங்க" என்றார் டாக்டர். ஐந்து மாதம் கெடு கொடுத்தார்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசியைக் குத்திக்கொண்டு மெஷினோடு படுத்துக்கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். நாற்பது வயதுக்காரன், அறுபது வயதுக்காரன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கட்டியவளுடைய ரத்தம் சேரவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தியது. "ஒண்ணு போதுமாமே மனுஷனுக்கு? இன்னொண்ணு சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள். யாரும் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே சொன்னாள். அதனால் அதற்குப் பிறகும் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

பயம் வந்தது திரும்பி வரும்போது, பஸ்ஸில். உட்கார இடம் கிடைத்து, மூச்சு விட்டு, டிக்கெட்டை மடித்து வைத்த பிறகு கை தானாக இடுப்புக்கு மேலே போய் நின்றது. இங்கேதானே வெட்டுவார்கள்? அவள் பிரசவத்துக்குக்கூட கத்தி பார்த்ததில்லை. பிள்ளையே இல்லை, அப்புறம் எங்கே பிரசவம். புருஷன் போய் ஒன்பது வருஷம். மயக்க மருந்து கொடுத்து எழாமல் போனால் தன் வீட்டுக் கதவை யார் வந்து திறப்பார்கள் என்று யோசித்தாள். இதை யாரிடம் சொல்வது? உயிருக்குப் போராடுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், சொல்கிறவள் மூஞ்சியில்தான் காறித் துப்புவார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கலோரி எண்ணுகிற ஆப்பை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தது தம்பி பெண்டாட்டி. வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட ஆபீஸில் வருகைப் பதிவேடு பார்க்கிற வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் பொய் லீவு போட்டார்கள் என்று பதினாறு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணே அப்படி ஆகிவிட்டது.

"நீங்க என்ன சாப்பிட்டாலும் இதுல போடுங்க அண்ணி. இவ்வளவு கலோரின்னு அதுவே சொல்லிடும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. அதுக்குள்ள இருந்தா இந்த வட்டம் பச்சை. தாண்டினா சிவப்பு" என்றாள்.

"எத்தனை கப்புன்னு கேக்குதே. என் அடுப்படியில ஏதும்மா கப்பு? எல்லாம் வாளிக் கணக்குத்தான்."

"விளையாடாதீங்க அண்ணி. ஒண்ணு விடாமப் போடுங்க. என் போன்லயும் தெரியற மாதிரி வச்சிருக்கேன். உங்களுக்கு ஒரு துணையா இருக்கும்ல?"

துணை! போலீஸ்காரன் கூட நடந்து வருவதும் துணைதான். ஆனால் அன்றைக்கு மாஸ்டரக்காவுக்கு அது அப்படித் தோன்றவில்லை. தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தட்டு கழுவுகிறவளுக்கு, தான் என்ன சாப்பிட்டோம் என்று ஒருத்தி பார்க்கிறாளே என்று முதலில் மனசு குளிரத்தான் செய்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முதல் ஐந்து வாரம் பாய்ந்து போனாள். சர்க்கரையை விட்டாள். காலையில் இரண்டு துண்டு ரொட்டி, ஒரு முட்டை. மத்தியானம் ஒரு கைப்பிடி சாதம், மீதித் தட்டு முழுக்கக் காய். ராத்திரி சூப். சாப்பிட்ட கையோடு போனை எடுத்து ஒவ்வொன்றாகப் போடுவாள். "அருமை! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!" என்று அது சொல்லும். நாற்பத்தெட்டு வயதில் இப்படி யார் அவளைப் பாராட்டினார்கள்? எண்பத்தொன்பது எண்பத்தைந்தாயிற்று. தம்பி சிரித்தான். "அக்கா இப்படியே போனா கல்யாணத்துக்கு வரன் பாக்கணும் போல" என்றான். சின்னவள் தன் கையால் சர்க்கரை போடாமல் டீ ஆற்றிக் கொடுத்தாள்.

அதோடு நின்றது. எண்பத்தைந்தில் எடை மெஷின் முள் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது.

ஒரு வாரம் போயிற்று, எண்பத்தைந்து. இன்னொரு வாரம், எண்பத்தைந்து. ஆப்பில் ஆயிரத்து நூற்றைம்பது, ஆயிரத்து இருநூறு, எல்லா நாளும் பச்சை. ஒரு துணுக்கு ரொட்டியைக்கூட அவள் ஒளிக்கவில்லை. தின்றதையெல்லாம் போட்டாள். ருசி பார்த்ததை மட்டும் போடவில்லை. அதைப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; அது சாப்பாடா என்ன? அடுப்பைப் பற்றவைப்பது மாதிரி, அரிசியைக் களைவது மாதிரி, அதுவும் ஒரு வேலை. உப்பு போட்டதும் ஒரு தடவை, கொதித்ததும் ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை, ஏழு பாத்திரத்திலும் கரண்டியை விட்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி வாயில் வைப்பாள். அவள் நாக்கு படாமல் ஒரு வாளி அந்த அடுப்படியை விட்டு வெளியே போனதில்லை. இருபத்திரண்டு வருஷத்து வைராக்கியம்.

சின்னவள் தினமும் போன் போட ஆரம்பித்தாள். முதலில் நலம் விசாரிப்பு மாதிரி. பிறகு விசாரணை மாதிரி.

"அண்ணி, நேத்து மூணு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல ஒண்ணுமே போடலையே?"

"ஒண்ணும் சாப்பிடலைம்மா."

"ஒண்ணுமேவா?"

"தண்ணி குடிச்சேன். அதையும் போடணுமா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. குறைய மாட்டேங்குதேன்னு கேட்டேன். கணக்கு சரியா இருந்தா குறையணும்ல?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. புருஷன் கண்ணெதிரே உப்பிக்கொண்டே போகிறான், கெடு ஓடுகிறது. அவளுக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த வட்டம் ஒன்றுதான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்தாள். ஆனால் பார்க்கப்படுகிறவளுக்கு எப்படி இருக்கும்? அதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்கப் போனாள். வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளே சின்னவள் குரல் கேட்டது.

"உங்க அக்காவுக்கு மனசு இல்லங்க. இருந்தா குறையாதா? வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல, குடுக்கவும் இஷ்டமில்ல. தின்னே தப்பிக்கப் பாக்கறாங்க. மனசு இல்லன்னா நேரா சொல்லிடலாம்ல? நாம வேற வழி பாப்போம்ல?"

மாஸ்டரக்கா ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக நின்றாள். சின்னவள் பேசினது பரவாயில்லை. அவள் வெளியிலிருந்து வந்தவள், வாய் நீளம். தம்பி என்ன சொல்லப் போகிறான் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சும்மா இருடி, என் அக்காவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அவன் பேசவில்லை. டிவியில் யாரோ சிரிக்கிற சத்தம்தான் வந்தது. சத்தம் போடாமல் கழற்றின செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கி வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பசி காதை அடைத்தது. கேன்டீனில் மூலையில் நின்று ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. எழுதினால் வட்டம் சிவக்கும். சிவந்தால் போன் வரும். அவள் எழுதவில்லை. போன் வரவில்லை. அன்று முழுக்க அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

பொய்யும் பசி மாதிரிதான், ஒரு நாள் போட்டால் மறுநாளும் அதே நேரத்துக்குக் கேட்கும். அடுத்த நாள் ரொட்டியை மறைத்தவள், அதற்கடுத்த வாரம் சாதத்தையே பாதியாகக் குறைத்து எழுதினாள். ஆயிரத்து இருநூறு ஆயிரமாயிற்று, தொள்ளாயிரமாயிற்று, எண்ணூற்று ஐம்பதில் வந்து நின்றது. பச்சை, பச்சை, பச்சை. "வேண்டாம் அண்ணி, இவ்வளவு கம்மியா சாப்பிட்டா மயக்கம் போட்டுருவீங்க" என்று சின்னவளே ஒரு நாள் உருகினாள். அந்தக் குரலுக்காகவே இன்னும் ஐம்பது குறைத்துப் போடலாமா என்று இருந்தது. உண்மையைச் சொன்னபோது சந்தேகம், பொய் சொன்னபோது பாசம். என்ன உலகமடா இது!

நாலாம் மாதப் பரிசோதனைக்குப் போனார்கள். சின்னவளும் கூட வந்தாள். எடை எண்பத்தைந்து புள்ளி நாலு. டாக்டர் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். புருவம் ஏறியது.

"ஆறு வாரமா எண்ணூத்தி ஐம்பது. நாள் முழுக்க நின்னு வேலை பாக்கற உடம்பு. இதுக்குக் குறையலன்னா ஒரே அர்த்தம்தான்மா, உள்ள வேற கோளாறு இருக்கு. தைராய்டா இருக்கலாம், வேற ஹார்மோனா இருக்கலாம். அதைப் பாக்காம உங்க சிறுநீரகத்தைத் தொட முடியாது. எல்லா டெஸ்ட்டும் எடுத்துடலாம். மூணு வாரம் ஆகும்."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். 'ஐயா, அது பொய். நான் எழுதினது பொய்' என்று நாலு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, உங்களுக்கு என்னாச்சு?" என்று கண் கலங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் ஆகும் என்றபோது இடுப்புக்கு மேலே இருந்த அந்த இடம் லேசாயிற்று. அதை நினைத்து அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் லேசாகத்தான் ஆயிற்று.

மூன்று வாரமும் ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். அந்த மூன்று வாரத்தில் தம்பி நெஞ்சில் நீர் கோத்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முடிவு வந்தது. ஒரு கோளாறும் இல்லை. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

குட்டை உடைத்தது கேன்டீனில் காய் நறுக்குகிறவள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பேர். மாஸ்டரக்கா பருப்பு அண்டாவில் மூன்றாவது தடவை ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்க்கா, காலையிலேர்ந்து வாய்க்குள்ள போயிட்டே இருக்கே, இதெல்லாம் அந்த போன்ல எழுதுவியா?"

"எது?"

"இதுதான், இப்ப ஊத்திக் குடிச்சியே."

"ருசி பாத்தேன்டி. ருசி பாக்கறது சாப்பாடா?"

"வயித்துக்கு அது தெரியுமா? இது ருசி பாத்தது, அது சாப்பிட்டதுன்னு தனித்தனியா மூட்டை கட்டி வைக்குமா?"

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மாஸ்டரக்கா சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு தூக்குவாளியை ரேடியோ கையில் கொடுத்தாள். தான் ஒவ்வொரு தடவை ருசி பார்க்கும்போதும் அதே அளவை அந்தத் தூக்கில் ஊற்றச் சொன்னாள். பருப்பு, குழம்பு, வெந்திருக்கிறதா என்று கடித்துப் பார்த்த உருளைக்கிழங்கு, எண்ணெயில் வதங்கிய வெங்காயம், பால், மறுபடியும் குழம்பு. இரண்டு மணிக்குத் தூக்கு நிரம்பி மூடி உட்காரவில்லை. மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்து நாற்பது கலோரி.

ஒரு ஆள் சாப்பாடு. நாள்தோறும் ஒரு முழு ஆள் சாப்பாட்டைச் சாப்பாடு என்று தெரியாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாஸ்டரக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, கடைசியில் சந்தோஷம்தான் பொங்கியது. திருட்டுத்தீனி இல்லை! மனசு இல்லாமல் இல்லை! தூக்குவாளி இருக்கும்போது இனி யார் என்ன பேச முடியும்? ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தாள்.

தம்பி சோபாவில் சாய்ந்திருந்தான். சின்னவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். மேஜைமேல் தூக்கை வைத்து மூடியைத் திறந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். "பாருங்க, இதுதான். இத்தனை நாளும் இதுதான் குறையவிடாம வச்சிருக்கு. இனிமே தொட மாட்டேன். மளமளன்னு இறங்கிடும்."

சின்னவள் தூக்குக்குள் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். பதிவேடு பார்க்கிற கண் அல்லவா.

"இது ஆயிரத்து நாப்பதா அண்ணி?"

"ஆமாம்மா."

"நீங்க எழுதினது எண்ணூத்தி ஐம்பது. ரெண்டையும் கூட்டினா ஆயிரத்து எண்ணூத்தி தொண்ணூறு. உங்க உடம்புக்கு ரெண்டாயிரத்து இருநூறு வேணும்னு இந்த ஆப்பே சொல்லுது. அப்பவும் மெதுவா இறங்கியிருக்கணுமே. ஏறியிருக்கே?"

மாஸ்டரக்கா தூக்கின் மூடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எண்ணூத்தி ஐம்பதும் பொய்யா?"

"கொஞ்ச நாளா... சிவப்பு வந்தா நீ வருத்தப்படறேன்னு..." என்று இழுத்தாள் மாஸ்டரக்கா.

"அதுக்காக? அந்தப் பொய்யை நம்பி மூணு வாரம் டெஸ்ட் எடுத்தாங்களே! அந்த மூணு வாரத்துல இவரு நெஞ்சுல தண்ணி கோத்துக் கிடந்தாரே! டாக்டர் கேட்டப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயில என்ன வச்சிருந்தீங்க?" சின்னவள் குரல் உடைந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?" என்று புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து, ஓடாத டிவியைப் பார்த்தபடி கையில் உருட்டிக்கொண்டிருந்தான். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். தூக்கை மூடிக்கொண்டு கிளம்பினாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி குறைத்தாள். ருசி பார்ப்பதை ரேடியோவிடம் விட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி நாக்குக்குப் பழகின அடுப்படி. ரேடியோவுக்கு உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. ஒரு நாள் உப்புக் கரித்தது, ஒரு நாள் சப்பென்று இருந்தது. "மாஸ்டருக்கு வயசாயிடுச்சு போல" என்று தட்டோடு வரிசையில் நின்றவர்கள் காதுபடவே பேசினார்கள். மேலாளர் கூப்பிட்டு ஒரு தடவை எச்சரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கொதிக்கிற குழம்பின் வாசனை முகத்தில் அடிக்கும். கரண்டியை வாயருகே கொண்டுபோய்த் திரும்ப வைப்பாள். ஆப்பில் இப்போது எல்லாமே உண்மை, ஒரு மிளகு விடாமல். பார்க்கத்தான் யாரும் இல்லை. சின்னவள் போன் போடுவதை நிறுத்திவிட்டாள்.

பத்து வாரம். எழுபத்தேழு புள்ளி ஒன்பது. கெடு தாண்டிப்போயிருந்தாலும் டாக்டர் முகம் மலர்ந்து கை கொடுத்தார். செய்தியைத் தம்பி வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "ம், நல்லது. முதல்லயே ஒழுங்கா இருந்திருந்தா இந்நேரம் ஆபரேஷனே முடிஞ்சிருக்கும்" என்றாள் சின்னவள். தம்பியிடம் போனைக் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, தூங்குகிறார் என்றாள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சந்திப்பு பாக்கி இருந்தது. உறுப்பு கொடுக்கிறவர்கள் பக்கம் நின்று பேசுவதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் இருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள். சின்னவளையும் தம்பியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்த ரூமுக்குள்ள பேசறது வெளிய போகாது. எடையெல்லாம் சரியா இருக்கு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். குடுக்க உங்களுக்கு விருப்பமா? விருப்பமில்லன்னா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மருத்துவக் காரணத்தால முடியலன்னு நாங்க சொல்லிடுவோம். என்ன காரணம்னு யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்க குடும்பத்துக்கும் சொல்ல மாட்டோம்."

மாஸ்டரக்கா அந்த அம்மாளையே பார்த்தாள். எட்டு மாதத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள். வராந்தாவில் நின்ற அன்றைக்கே கேட்டிருந்தால், பயமாக இருக்கிறது என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு, இந்தா எடுத்துக்கொள் என்று படுத்திருப்பாள். எண்பத்தைந்தில் நின்றபோது கேட்டிருந்தால்கூடச் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். தம்பியைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தது இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்த டிவிச் சத்தம் இருந்தது, ரிமோட்டை உருட்டின விரல் இருந்தது. தாண்டிப் போக முடியவில்லை. கொடுத்தாலும் மனசில்லாமல் கொடுத்தவள் என்றுதான் பேர் நிற்கப்போகிறது. ஆயுசுக்கும்.

"நேரம் எடுத்துக்கங்க" என்றார் அந்த அம்மாள்.

"வேண்டாம்" என்றாள் மாஸ்டரக்கா.

"நேரம் வேண்டாமா?"

"குடுக்க வேண்டாம்னு இருக்கு."

அந்த அம்மாள் அதிர்ந்துபோகவில்லை. தலையை ஆட்டி, ஒரு தாளில் ஏதோ எழுதி, கோப்பை மூடினார். அவ்வளவுதான். பதினொரு கிலோ குறைக்க எட்டு மாதம் ஆயிற்று. இதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே அவர்களிடம் டாக்டரே வந்து சொன்னார். கடைசிப் பரிசீலனையில் மருத்துவக் காரணங்களால் அக்கா கொடுக்கத் தகுதியில்லை என்று முடிவாகியிருக்கிறது. இது மாற்ற முடியாத முடிவு. இனி காத்திருப்போர் பட்டியல்தான். நாலு வருஷமோ ஐந்து வருஷமோ ஆகலாம். அதுவரைக்கும் தாங்குவாரா என்று சின்னவள் கேட்டாள். டாக்டர் பார்க்கலாம் என்றார்.

மாஸ்டரக்கா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது வசவுதான் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். இன்னும் சொன்னால், அதை எதிர்பார்த்தாள். ஆனால் தம்பிதான் முதலில் வந்தான். சுவரைப் பிடித்து நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊசித் தழும்பு ஏறிப் புடைத்த அந்தக் கையை அவள் மடியில் வைத்தான்.

"விடுக்கா. உன் கையில என்ன இருக்கு? எனக்காகப் பாதி உடம்பாயிட்ட. நான்தான் உன்கிட்ட ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசல. வெக்கமா இருந்துச்சுக்கா. உன்கிட்ட வாங்கித்தான் பொழைக்கணும்னு ஆயிப்போச்சேன்னு, உன் மூஞ்சியைப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு. அதான் பேசல. வேற ஒண்ணும் இல்ல."

அந்த ஆலோசகர் அம்மாளின் அறைக் கதவு பக்கத்திலேயே இருந்தது. எட்டு அடிகூட இல்லை. எழுந்து போய், அம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று சொன்னால்? அந்தக் கதவு திறந்து இன்னொருத்தர் குடும்பம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் இவர்களிடம் என்ன சொல்வது? தகுதியில்லாத உடம்பு அரை மணி நேரத்தில் தகுதியானது எப்படி என்று சின்னவள் கேட்க மாட்டாளா? அவள் கணக்குத் தெரிந்தவள். கால் எழவில்லை.

அதற்குள் சின்னவள் எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி. உங்களுக்கு மனசு இல்லன்னு வாய் கூசாமப் பேசினேன். அந்த டெஸ்ட்டுல சிக்காத ஏதோ கோளாறு உள்ள இருந்திருக்கு, அதான் குறையல. அது தெரியாம உங்களைத் திருடி மாதிரி நடத்தினேன். நாக்கு அழுகிப் போகணும் எனக்கு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி. நீங்க சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

மாஸ்டரக்கா அவள் தலையைத் தடவினாள்.

"எந்திரிம்மா" என்றாள். "நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன்."